டாக்டர் சீட் கிடைக்கவில்லையா? அடுத்த கோர்ஸில் சேரும் முன் இதையெல்லாம் கேளுங்கள்!

ரிசல்ட் வந்த வீட்டில் முதலில் அடிப்பது சொந்தக்காரர்களின் போன்தான். “நீட் எத்தனை?” போதாத மார்க் என்று தெரிந்ததும் அடுத்த யோசனையும் அவர்களிடமிருந்தே வரும். “பாராமெடிக்கல்ல ஏதாவது ஒண்ணு சேர்த்துவிடுங்க, அதுவும் ஆஸ்பத்திரி வேலைதானே!”

அந்த ‘ஏதாவது ஒண்ணு’தான் பிரச்னை. ஆஸ்பத்திரிக்குள் ஒரு வேலைக்கும் இன்னொரு வேலைக்கும் அவ்வளவு தூரம்.

இதயத்தை நிறுத்திவைத்துச் செய்கிற ஓர் ஆபரேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் நோயாளியின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் சேர்த்து உடம்பு முழுக்க ஓட வைப்பது ஒரு மெஷின். அதை இயக்குபவர் பெர்ஃபியூஷனிஸ்ட். மயக்க மருந்துக் கருவிகளைத் தயார் செய்து மயக்கவியல் டாக்டருக்குத் துணையாக நிற்பவர் அனஸ்தீசியா டெக்னீஷியன். முந்தைய நாள் எக்கோ எடுத்துக் கொடுத்தவர் கார்டியாக் டெக்னாலஜி படித்தவராக இருக்கலாம். ஐ.சி.யூ-வில் இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொள்வது நர்ஸ். இருமவும் எழுந்து நடக்கவும் பழக்குவது பிசியோதெரபிஸ்ட். ஒவ்வொன்றும் தனித்தனிப் படிப்பு. ஒன்றைப் படித்துவிட்டு இன்னொன்றின் வேலையைச் செய்ய முடியாது.

அதனால் மார்க்கோடு பிள்ளையின் சுபாவத்தையும் பார்க்க வேண்டும். டயாலிசிஸ் நோயாளிகள் பலர் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை வருவார்கள். ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். வருடக்கணக்கில் அதே முகங்கள். பேச்சும் பொறுமையும் உள்ள பெண்ணுக்கு அது பிடித்துப்போகும். ஆள் அதிகம் பேசாத, நுணுக்கமான பையனுக்கு லேப் டெக்னாலஜி பொருந்தலாம். காது கேளாத குழந்தைக்கு காக்ளியர் இம்பிளான்ட் பொருத்தும் ஆபரேஷன் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்தக் குழந்தை ‘அம்மா’ என்று சொல்வதற்கு மாதக்கணக்கில் உட்கார்ந்து பயிற்சி தருபவர், பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற செவித்திறன், பேச்சுப் பயிற்சிப் படிப்பை முடித்தவர். இந்தப் படிப்பின் பெயரே பல வீடுகளுக்குத் தெரியாது.

பெயரைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. ‘பிசிஷியன் அசிஸ்டென்ட்’ படித்தால் பாதி டாக்டர் என்று நினைக்கிறார்கள். டாக்டரின் மேற்பார்வையில் வேலை செய்யலாம். தனியாக கிளினிக் போட முடியாது.

அடுத்தது அங்கீகாரம். கோட்டை விட்டால் நான்கு வருட ஃபீஸும் போச்சு, நான்கு வருடமும் போச்சு. நர்சிங் என்றால் இந்திய நர்சிங் கவுன்சிலும் மாநில கவுன்சிலும். பார்மசி என்றால் இந்திய பார்மசி கவுன்சில். அதன் அனுமதி இல்லாத காலேஜில் படித்தால் பார்மசிஸ்ட்டாகப் பதிவு செய்ய முடியாது. நாளைக்கு சொந்தமாக மெடிக்கல் ஷாப் வைக்கும் கனவும் சிக்கலாகிவிடும். பி.ஏ.எஸ்.எல்.பி.க்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில். டயாலிசிஸ், லேப், பிசியோ போன்றவற்றுக்கு 2021-ல் மத்திய அரசு தனிச் சட்டமே கொண்டுவந்து தேசிய ஆணையம் அமைத்தது. ஏதோ ஒரு டிரஸ்ட் பெயரில் மாடியில் நடக்கும் ஒரு வருட ‘டிப்ளமோ’வுக்குப் பணம் கட்டும் முன், “இதைப் படித்தால் எந்த கவுன்சிலில் பதிவு செய்யலாம்?” என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

தமிழ்நாட்டில் நர்சிங், பி.ஃபார்ம்., துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கான அரசு சீட்டுகளை ப்ளஸ் டூ மார்க்கை வைத்து ரேங்க் போட்டே கொடுத்து வந்திருக்கிறார்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், பக்கத்து வீட்டுப் பிள்ளை போன வருடம் சேர்ந்த கதையை நம்பாமல், இந்த வருட விளக்கக் கையேட்டைப் படித்துவிடுங்கள். பயாலஜி எடுக்காதவர்களுக்கும் வழி உண்டு. மேத்ஸ் குரூப் பிள்ளைகள் பி.ஃபார்ம். சேரலாம். மெஷின்களில் ஆர்வம் இருந்தால் பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் இருக்கிறது.

காலேஜைப் பார்க்கப் போகும்போது பளபளக்கும் முன் கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். கேன்டீனில் ஃபைனல் இயர் மாணவர்கள் இருப்பார்கள். பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள், அங்கே மெஷினைத் தொடவிடுகிறார்களா, தள்ளி நின்று வேடிக்கை மட்டும்தானா என்று பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். அப்பா பக்கத்தில் நிற்காவிட்டால் இன்னும் நிஜமாகப் பேசுவார்கள்.