தாத்தாவின் ஷேர்களைத் தேட 25 சதவீத கமிஷன் எதற்கு?

"காலமான உங்கள் தந்தையார் பெயரில் உரிமை கோரப்படாத முதலீடு உள்ளது. மீட்டுத் தருகிறோம். கிடைப்பதில் 25 சதவீதம் எங்களுக்கு." இப்படி ஒரு கடிதமோ போனோ வந்தால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள்.

இங்கிலாந்தில் இந்தத் தொழில் செய்பவர்களுக்கு 'ஏர் ஹண்டர்' என்று பெயர். வாரிசு வேட்டைக்காரர் என்று அர்த்தம் (காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). 2007-ல் பிபிசி இவர்களை வைத்து ஒரு டிவி தொடரே தொடங்கியது. நம் ஊரில் இதே வேலையைச் செய்யும் கம்பெனிகளுக்கு ஷேர்கள் நல்ல வேட்டை. ஒரு ஷேருக்கு தொடர்ந்து 7 ஆண்டுகள் டிவிடெண்ட் வாங்காவிட்டால், 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி அந்த ஷேரே ஐ.இ.பி.எஃப். என்ற முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்படும். மாற்றும் முன் ஷேர்ஹோல்டர் விவரத்தைக் கம்பெனி தன் வெப்சைட்டில் வெளியிட வேண்டும். வேட்டைக்காரர்கள் பார்ப்பது இந்தப் பட்டியலைத்தான். நாமும் பார்க்கலாம், காசு கிடையாது.

மதுரையில் இருக்கும் என் அத்தைக்கு அப்படி ஒரு கடிதம் வந்தது. எந்தக் கம்பெனி ஷேர், எத்தனை என்று ஒரு வார்த்தை இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சொல்வார்களாம். "முக்கால் பங்காவது வருமே தம்பி" என்றார் அத்தை. 4 லட்சம் என்றால் 1 லட்சம் அவர்களுக்கு! ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்வதற்கு இது அநியாய விலை.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய டிவிடெண்ட் அடிக்கட்டைகள் இருந்தன. அதிலிருந்த கம்பெனிப் பெயர்களை வைத்து ஒவ்வொரு வெப்சைட்டாகப் பார்த்தேன். ஐ.இ.பி.எஃப். ஆணையத்தின் வெப்சைட்டிலும் பெயர் கொடுத்துத் தேடலாம். முகவரி 'டாட் கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சிக்கல். கம்ப்யூட்டருக்கு நம் பெயர் தெரியாது, எழுத்துதான் தெரியும். ராமசாமி என்பதை ஆங்கிலத்தில் 'டபிள்யூ' போட்டும் போடாமலும் எழுதுவார்கள். கடைசி எழுத்து சிலருக்கு 'ஒய்', சிலருக்கு 'ஐ'. இனிஷியல் முன்னால் இருக்கலாம், பின்னால் இருக்கலாம், அப்பா பெயராக விரிந்தும் இருக்கலாம். ஒரு முறை டைப் செய்து 'இல்லை' என்று வந்தால் விட்டுவிடாதீர்கள். எனக்கு ஐந்தாவது ஸ்பெல்லிங்கில்தான் கிடைத்தது. பட்டியல் பிடிஎஃப் ஃபைலாக இருந்தால் கன்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்தி, பெயரின் நடுப்பகுதியை மட்டும் தேடுங்கள்.

கண்டுபிடித்த பிறகு வருவது பேப்பர் வேலை. கம்பெனியின் ஷேர் ரிஜிஸ்டிராருக்கு எழுதினால் என்னென்ன வேண்டும் என்று பதில் வரும். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவை வழக்கமாகக் கேட்கப்படும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மதிப்பு அதிகமானால் கோர்ட்டில் வாங்கும் சக்சஷன் சர்டிபிகேட் தேவைப்படும். அத்தை மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது, என் அப்பாவும் சித்தப்பாவும் போட வேண்டியிருந்தது. கடிதத்தில் இதைப் பற்றி மூச்சே இல்லை.

உரிமை உறுதியானதும் கம்பெனி ஒரு கடிதம் தரும். அதை வைத்து ஐ.இ.பி.எஃப்.-5 என்ற படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இதற்கு அரசுக் கட்டணம் இல்லை. ஷேர்கள் டீமேட் கணக்குக்குத்தான் வரும். கணக்கு இல்லாதவர்கள் முன்பே தொடங்கிவிடுங்கள். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

ஏஜென்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாரிசுகள் பல ஊர்களில், பல நாடுகளில் இருந்தால், கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தால் உதவி தேவைதான். அப்போதும் சதவீதக் கணக்கை விட, நிலையான கட்டணம் பேசும் ஆடிட்டரோ வக்கீலோ மேல். முன்பணம் கேட்பவர், பவர் ஆஃப் அட்டர்னி கேட்பவர், போனில் ஓ.டி.பி. கேட்பவர் ஆகிய மூவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பேங்க் டெபாசிட் விஷயம் இன்னும் சுலபம். 10 ஆண்டுகள் தொடப்படாத கணக்குகளைத் தேட, ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்ற வெப்சைட்டைத் தொடங்கியது. 2024 மார்ச்சுக்குள் 30 வங்கிகள் அதில் சேர்ந்துவிட்டன. உங்கள் மொபைல் எண்ணைப் பதிவு செய்து, கணக்குதாரரின் பெயரையும் வங்கியையும் கொடுங்கள். கூடவே பான் எண், பிறந்த தேதி போன்றவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும். எதுவும் இல்லையென்றால் முகவரியைக் கொடுக்கலாம். உத்கம் பணத்தைத் தராது, எந்த வங்கி என்று காட்டும். அதை பிரின்ட் எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குத்தான் போக வேண்டும்.