கம்ப்யூட்டருக்கு வந்த களைப்பு

நம் வீட்டுக் கூடத்தின் மூலையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. 2016-ம் வருஷத்தில் வாங்கியது. வந்த புதிதில் அதற்கு நடந்த உபசாரங்களை நினைத்தால் இப்போது வேடிக்கையாயிருக்கிறது. சந்தனம், குங்குமம், தும்பைப் பூப்போல் வெளுத்த துணி உறை; ஸரஸ்வதி பூஜையன்று புஸ்தகங்களுக்குப் பக்கத்தில் அதற்கும் ஓர் இடம். பொத்தானைத் தொட்டால் போதும், "என்ன உத்தரவு?" என்று கேட்பதைப் போல் விழித்துக்கொள்ளும்.

வருஷங்கள் செல்லச் செல்ல யந்திரத்தின் சுபாவம் மாறிவிட்டது. காலையில் பொத்தானை அழுத்திவிட்டு, ஸ்நானம் செய்து, காப்பி அருந்தி, பத்திரிகையின் தலையங்கத்தையும் வாசித்து முடித்து வந்து பார்த்தாலும், திரையின் நடுவில் ஒரு சிறு வட்டம் சுழன்றுகொண்டேயிருக்கும். ஒரு கடிதத்தைத் திறந்தால் பாதியில் ஸ்தம்பித்து நிற்கும். நேயர்களில் பலருடைய வீட்டிலும் இதே கதைதான் என்பதை நாம் அறிவோம். ஆகையால் நம்முடைய அநுபவத்தை, நம் அசட்டுத்தனம் உள்பட, ஒளிக்காமல் சொல்லிவிடத் தீர்மானித்தோம்.

மூத்த பெண் கலாசாலையில் சேர விண்ணப்பம் அனுப்புவதற்குக் கடைசி நாள் அது. பாதி விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்திருக்கும்போது யந்திரம் மரம்போல் நின்றுவிட்டது. அத்தை வீட்டுக்கு ஓடிப் போய் அங்கேயிருந்து அனுப்பி வைத்தோம். அந்தக் கோபத்தோடு, நம்முடைய யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு ரிப்பேர் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். கடைக்காரர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"ஸார், உள்ளேயிருப்பதையெல்லாம் சுத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் குதிரை மாதிரி ஓடும். சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்.

நாம் தலையை ஆட்டிவிட்டோம். கூட வந்த பெண்தான் மெதுவாக, "அப்பா, பாட்டியின் பாட்டு இதற்குள்ளேதானே இருக்கிறது?" என்று கேட்டாள்.

நமக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. நம் தாயார் காலமாவதற்கு முந்திய மார்கழி மாதத்தில், தாம் அறிந்த நலங்குப் பாட்டுகளையும் தாலாட்டுகளையும் பேத்தியின் வற்புறுத்தலுக்காகப் பாடி வைத்தார். மொத்தம் முப்பத்தெட்டுப் பாட்டுகள். அவருக்கு அவருடைய பாட்டி சொல்லிக்கொடுத்தவை. எந்தப் புஸ்தகத்திலும் அச்சேறாதவை. அவற்றுக்கு வேறு பிரதி எங்கேயும் கிடையாது. இன்னும் கால் மணி நேரம் சென்றிருந்தால் அந்தக் குரல் உலகத்திலிருந்தே மறைந்து போயிருக்கும். யந்திரத்தை அணைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம்.

நாம் கற்ற முதற் பாடம் இது: வைத்தியத்தைத் தொடங்குவதற்கு முன்னால் பிரதி எடுக்க வேண்டும். யந்திரம் போனால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். உள்ளே இருப்பதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இவ்விஷயத்தில் அநுபவசாலிகள் மிகச் சுலபமான ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எந்தப் பொருளுக்கும் மூன்று பிரதிகள் வேண்டும். அவை இருவேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். அன்றிரவே வெளியிலிருந்து இணைக்கும் தட்டு ஒன்றை வாங்கி வந்து பாட்டுகளையும் படங்களையும் அதில் இறக்கினோம். இரவு முழுவதும் பிடித்தது. நடுநடுவே பெட்டிக்குள்ளிருந்து 'டிக், டிக்' என்று பல்லி கொட்டுவது போன்ற சத்தம் வந்தது. அது நல்ல சகுனமல்ல என்பதைப் பிறகு தெரிந்துகொண்டோம்.

நிற்க. திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வைத்தியனுக்கு ஒரு முறை விதித்திருக்கிறார். முதலில் நோய் இன்னதென்று அறிய வேண்டும். பிறகு அதன் காரணத்தை அறிய வேண்டும். அதன் பிறகே தணிக்கும் வழி. கம்ப்யூட்டர் விஷயத்தில் நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். 'வேகமாக்கித் தருகிறேன்' என்று விளம்பரம் செய்யும் ஏதோ ஒரு புரோகிராமை இறக்கி வைக்கிறோம். அது மேலும் ஒரு சுமையாகிறது.

விண்டோஸ் யந்திரங்களில் நாடி பிடித்துப் பார்க்கும் கருவி உள்ளேயே இருக்கிறது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் 'டாஸ்க் மானேஜர்' என்னும் பலகை தோன்றும். அதில் கவனிக்க வேண்டியவை மூன்று: கணக்குப் போடும் மூளையாகிய பிராஸஸர், கைவேலைக்கு உபயோகமாகும் ஞாபகசக்தியாகிய மெமரி, பண்டங்களைச் சேர்த்து வைக்கும் உக்கிராண அறையாகிய டிஸ்க். இம்மூன்றில் எது நூற்றுக்கு நூறை எட்டிக்கொண்டு நிற்கிறதோ, அங்கேதான் நோய் இருக்கிறது. நம் யந்திரத்தில் ஒருவரும் எந்த வேலையும் செய்யாதபோதே டிஸ்க் நூறு சதவீதம் என்று காட்டியது. மூளை சும்மா உட்கார்ந்திருந்தது, உக்கிராணக்காரன்தான் திணறிக்கொண்டிருந்தான்!

இதன் காரணத்தைச் சற்று விளக்குவோம். பழைய மாதிரி டிஸ்க் என்பது கிராமபோன் தட்டைப் போன்ற சுழலும் தட்டு. நம்முடையது நிமிஷத்துக்கு 7,200 தடவை, அதாவது வினாடிக்கு 120 தடவை சுற்றுகிறது. அதன்மேல் ஒரு சிறு முள் இங்குமங்கும் ஓடி, வேண்டியதைத் தேடி எடுக்கிறது. எவ்வளவு விரைவாக ஓடினாலும், வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும் விஷயங்களை வினாடிக்கு நூறு தடவைகூட அதனால் போய் எடுத்துவர இயலாது. சுழலும் பாகமே இல்லாத 'எஸ்.எஸ்.டி.' என்னும் புது மாதிரி டிஸ்க்கோ வினாடிக்குப் பல்லாயிரம் தடவை எடுத்துக் கொடுக்கிறது. மேலும், நம் யந்திரத்தின் மெமரி 4 ஜிகாபைட்தான். 2016-ல் அது போதுமானதாயிருந்தது. இப்போதைய இணையப் பக்கங்கள் பத்தைத் திறந்து வைத்தால் அது நிரம்பிவிடுகிறது. நிரம்பியதும், மிஞ்சியதை யந்திரம் டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துத் திரும்பத் திரும்ப எடுக்கிறது. ஏற்கெனவே திணறும் உக்கிராணக்காரனுடைய தலையில் இந்த மூட்டையும் ஏறுகிறது.

இன்னொரு வேடிக்கையையும் அதே பலகையில் கண்டோம். யந்திரம் இடைவிடாமல் 23 நாட்களாக விழித்திருப்பதாக அது தெரிவித்தது. "தினம் இரவு நானே என் கையால் அணைத்துவிட்டுத்தானே படுக்கிறேன்?" என்று வீட்டு எஜமானியம்மாள் வாதாடினாள். அவள் சொன்னதும் உண்மை. பலகை சொன்னதும் உண்மை. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, சீக்கிரமாக எழுந்திருப்பதற்காக ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். 'ஷட் டவுன்' என்று அணைத்தால், யந்திரத்தின் அடிப்படைப் பகுதி தான் இருந்த நிலையை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு கண்ணை மூடுகிறது. மறுநாள் பழைய நிலையிலேயே விழிக்கிறது. 'ரீஸ்டார்ட்' என்பதைக் கொடுத்தால்தான் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் புதிதாக எழுந்திருக்கும். வாரம் ஒரு முறை ரீஸ்டார்ட் செய்வது தலைக்கு எண்ணெய் ஸ்நானம் போன்றது, செலவும் கிடையாது. அதே பலகையில், யந்திரம் எழும்போதே கூடச் சேர்ந்து எழுந்திருக்கும் புரோகிராம்களின் ஜாபிதாவும் உண்டு. நம்முடையதில் பதினான்கு இருந்தன. தேவையற்ற பதினொன்றை நிறுத்தி வைத்தோம். ஒரு யந்திரத்துக்கு இரண்டு வைரஸ் காவலர்களை வைப்பதும் தவறு. இருவரும் ஒருவரையொருவர் சோதித்துக்கொண்டே காலத்தைப் போக்குவார்கள்.

அடுத்தபடியாக, மின்சாரத் தொடர்பை முற்றிலும் நீக்கிவிட்டுப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினோம். உள்ளே பத்து வருஷத் தூசி கம்பளி போல் படிந்திருந்தது. காற்றாடியின் இறக்கையில் ஒரு கரப்பான் பூச்சி மோக்ஷமடைந்திருந்தது! பிராஸஸர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால், தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே சென்னைச் சித்திரை வெயிலில் தூசி படிந்த பெட்டி மந்தமாவதில் ஆச்சரியமில்லை. கரப்பானைக் கண்டதும் ஒரு சம்பவம் ஞாபகத்துக்கு வந்தது. 1947 செப்டம்பர் 9-ந் தேதி, அதாவது நம் தேசம் சுதந்திரமடைந்து இருபத்தைந்தாவது நாள், அமெரிக்காவில் ஹார்வர்ட் சர்வகலாசாலையின் 'மார்க் 2' என்னும் பிரம்மாண்டமான கணக்கு யந்திரம் தகராறு செய்தது. தேடிப் பார்த்ததில், அதன் ரிலே ஒன்றில் ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துக் குறிப்புப் புஸ்தகத்தில் ஒட்டி வைத்தார்கள். அந்தப் பக்கம் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் இருக்கிறது. யந்திரக் கோளாறைப் 'பூச்சி' என்று அழைக்கும் வழக்கம் எடிஸன் காலத்திலேயே உண்டு. நிஜப் பூச்சியே அகப்பட்டதுதான் அன்றைய விசேஷம்.

இன்னொரு சிறு நோயையும் சொல்லியாக வேண்டும். சில நாட்களாக எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் 'இது நம்பத்தக்கதல்ல' என்று யந்திரம் மறுத்து வந்தது. இணைப்புக் கொடுத்தவர்தான் குற்றவாளியென்று அவரோடு இரண்டு நாள் சண்டை பிடித்தோம். கடைசியில் பார்த்தால், யந்திரத்தின் கடிகாரம் 2016-ம் வருஷத்தைக் காட்டிக்கொண்டிருந்தது! இணையப் பக்கங்கள் காட்டும் அத்தாட்சிப் பத்திரங்களுக்குத் தேதி வரம்பு உண்டு. யந்திரத்தின் தேதி பிசகினால், செல்லுபடியாகும் பத்திரமும் செல்லாததாகிவிடும். கடிகாரத்தை ஓட்டுவது நாணயம் போன்ற 'ஸி.ஆர். 2032' என்னும் சிறு பாட்டரி. அதன் ஆயுள் முடிந்திருந்தது. அதை மாற்றியதும் ஊடல் தீர்ந்தது.

இந்தச் சிகிச்சைகளுக்கு நடுவில் ஒரு கண்டமும் நேர்ந்தது. ஒரு நாள் திரை முழுவதும் சிவந்து, சங்கு ஊதுவது போல் சத்தமிட்டு, 'உங்கள் யந்திரத்தில் விஷக்கிருமி புகுந்துவிட்டது. உடனே இந்த டெலிபோன் நம்பரைக் கூப்பிடுக' என்று ஓர் அறிவிப்பு தோன்றியது. கடைக்குட்டி டெலிபோனை எடுத்தே விட்டான்! இது முழு மோசடி. மைக்ரோஸாப்ட் கம்பெனியின் உண்மையான எச்சரிக்கைகளில் டெலிபோன் நம்பர் ஒருபோதும் இராது. கூப்பிட்டால், யந்திரத்தைத் தூரத்திலிருந்தே தங்கள் வசமாக்கிக்கொண்டு பாங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். இத்தகைய கூட்டங்களைப் பிடிப்பதற்காக, 2023 அக்டோபரில் ஸி.பி.ஐ. அதிகாரிகள் நம் தேசத்தில் 76 இடங்களைச் சோதனையிட்டார்கள். நம் தேசத்து வாலிபர்களின் ஆங்கிலமும் சாமர்த்தியமும் அயல் நாட்டுக் கிழவர்களின் சேமிப்பைக் களவாட உபயோகப்படுவதைக் காட்டிலும் வெட்கக்கேடு வேறென்ன? அத்தகைய அறிவிப்பு வந்தால் அந்த ஜன்னலை மூடிவிடுங்கள். மூட முடியாவிட்டால் யந்திரத்தையே அணையுங்கள். ஏமாந்து பணத்தை இழந்தவர்கள் ஒரு நிமிஷமும் தாமதியாமல் 1930 என்னும் நம்பருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கடைசியில் டிஸ்க்கைப் பரீட்சித்தோம். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் தேகஸ்திதியைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்னும் இலவசப் புரோகிராம் அதை வாசித்துக் காட்டும். பல இடங்கள் பழுதாகி மாற்று இடங்கள் ஒதுக்கப்பட்டிருப்பதாக நம்முடையது ஒப்புக்கொண்டது. 'டிக், டிக்' சத்தத்தின் பொருள் இதுதான். அதன்மேல் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டிருந்தால் சில வாரங்கள் ஓடியிருக்கும்; பிறகு மறுபடியும் படுத்திருக்கும்; பாட்டுகளும் போயிருக்கும்.

நம்பிக்கையுள்ள ஒரு மெக்கானிக்கைக் கொண்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, மெமரியை 8 ஜிகாபைட் ஆக்கினோம். புது யந்திரத்தின் விலையில் சிறு பகுதிதான் செலவு. இப்போது பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பியை ஆற்றுவதற்குள் யந்திரம் தயாராகிவிடுகிறது. விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டபடியால், அதை நீடித்து உபயோகிப்பது பத்திரமல்ல. விண்டோஸ் 11 நம் யந்திரத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆகையால் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுக்கொண்டோம். சென்னையிலுள்ள ஸி-டாக் நிலையத்தார் 2007-ல் வெளியிட்ட 'பாஸ்' என்பதும் இந்த லினக்ஸ் வம்சத்தைச் சேர்ந்ததுதான். கடிதம் எழுதவும், படிக்கவும், பாட்டுக் கேட்கவும் இது தாராளமாகப் போதும்.

எல்லாம் முடிந்த அன்று இரவு, பெண் முதற் பாட்டை வைத்தாள். நம் தாயாரின் குரல் கூடத்தில் கேட்டது. இரண்டாம் அடியில் ஓர் இருமல். பிறகு, "போதுமடி, தொண்டை கட்டிக்கொண்டது, கொஞ்சம் வெந்நீர் கொண்டுவா" என்கிற வார்த்தை. அதையும் யந்திரம் பத்திரமாக வைத்திருந்தது. ஒருவரும் பேசவில்லை. இப்போது அந்தப் பாட்டுகளின் ஒரு பிரதி அத்தை வீட்டுப் பீரோவில் இருக்கிறது.

நேயர்களே, உங்கள் வீட்டு யந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு காரியத்தை மட்டும் செய்துவிடுங்கள்.