ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு டோடோவின் தலை

பல்கலைக்கழக வளாகத்துக்குள் அமைந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், தலைநகரங்களில் மக்கள் பார்வைக்கென்றே எழுப்பப்பட்ட பெருங்கூடங்களிலிருந்து நோக்கத்திலேயே வேறுபட்டது. அங்கே பேழைகளில் வைக்கப்பட்டிருக்கும் எலும்பும் சிப்பியும் பூச்சியும் பாடம் நடத்துவதற்காகவும் ஆராய்வதற்காகவும் சேர்க்கப்பட்டவை. அவற்றில் கண்ணில் படும்படி வைத்தது சிறு பகுதி, இழுப்பறைகளில் இருப்பதே பெரும்பகுதி. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1860-இல் திறந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இவ்வகைக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. பார்க்ஸ் சாலையில் கெபிள் கல்லூரிக்கு எதிரே நிற்கும் அக்கட்டடத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை.

சமயக் கல்வியிலும் கிரேக்க, லத்தீன் இலக்கியங்களிலும் ஊறிய அப்பல்கலைக்கழகம், இயற்கை அறிவியலைப் பட்டப்படிப்பாக 1850-இல்தான் ஏற்றுக்கொண்டது. கல்லூரிக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்த ஆய்வுக்கூடங்களையும் தொகுப்புகளையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவர வேண்டும் என்று ஹென்ரி ஆக்லாண்ட் என்னும் மருத்துவப் பேராசிரியர் விடாது வாதாடியதன் பயனாக, 1855-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டுமானச் செலவில் ஒரு பெரும்பங்கு, பல்கலைக்கழக அச்சகம் பைபிள் அச்சிட்டு விற்றுச் சேர்த்த மிகுதி வருவாயிலிருந்து வந்தது. உயிரினங்களைக் குறித்த சமய நம்பிக்கையை அசைக்கப்போகும் ஆய்வுகளுக்கு அந்நம்பிக்கையின் நூலே பொருள் உதவியது என்பதை அன்று எவரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பெஞ்சமின் உட்வர்டு என்னும் ஐரிஷ் கட்டடக் கலைஞர் வடிவமைத்த அக்கூடத்தின் நடுவே, இரும்புத் தூண்கள் தாங்கும் கண்ணாடிக் கூரையுடன் ஒரு பெரிய சதுர முற்றம் இருக்கிறது. தேனிரும்பால் முதலில் எழுப்பிய சட்டகம் கூரையின் எடையைத் தாங்காது எனத் தெரியவந்து பிரிக்கப்பட, அதன்பின் வார்ப்பிரும்புத் தூண்கள் நிறுத்தப்பட்டன. முற்றத்தைச் சுற்றி இரண்டு தளங்களிலும் நிற்கும் கல்தூண்கள்தாம் இக்கட்டடத்தின் உண்மையான முதல் காட்சிப்பொருள்கள். அருங்காட்சியகத்தின் முதல் காப்பாளரும் நிலவியலாளருமான ஜான் ஃபிலிப்ஸ், ஒவ்வொரு தூணும் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கிடைக்கும் வெவ்வேறு வகைக் கல்லால் அமையுமாறு தேர்ந்தெடுத்து, கல்லின் பெயரையும் அது வெட்டப்பட்ட இடத்தையும் அடியில் பொறிக்கச் செய்தார். தூண்களைச் சுற்றி ஒரு முறை நடந்து வரும் மாணவர், தமது நாட்டின் பாறை வகைகளில் கணிசமானவற்றைத் தொட்டுப் பார்த்தவராகிறார்.

தூண்களின் தலைப்பகுதியில் தாவரக் குடும்பங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அயர்லாந்திலிருந்து வந்த ஓஷே சகோதரர்களும் அவர்களுடைய உறவினர் எட்வர்டு வீலனும், தாவரவியல் தோட்டத்திலிருந்து பறித்து வரப்பட்ட செடிகளை எதிரே வைத்துக்கொண்டு, அச்சுப்படமோ மாதிரி உருவோ இன்றி நேரடியாக உளியை ஓட்டினர். ஆகையால் பன்னம் சுருள் அவிழ்வதும் இலையின் ஓரம் மடங்குவதும் கல்லில் அப்படியே தெரிகின்றன. பணம் தீர்ந்துபோனதால் சில பகுதிகள் செதுக்கப்படாமலே நின்றுவிட்டன. முகப்பின் பல சாளரங்கள் இன்றும் மொட்டைக் கல்லாகவே இருக்கின்றன, அந்தக் குறையும் கட்டடத்துக்கு ஓர் அழகாகவே பொருந்திவிட்டது.

கட்டட வேலை முடிவதற்கு முன்பே, 1860 ஜூன் 30 அன்று, டார்வினின் பரிணாமக் கொள்கை பற்றி உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லிக்கும் ஆயர் சாமுவேல் வில்பர்ஃபோர்ஸுக்கும் இடையே புகழ்பெற்ற வாக்குவாதம் இங்கே நடந்தது. சொல்லுக்குச் சொல் எழுதிய குறிப்பு எதுவும் இல்லாத நிலையில், குரங்கு முன்னோரைப் பற்றிய கேலியும் பதிலடியும் பெரும்பாலும் பல ஆண்டுகளுக்குப் பிந்திய நினைவுகளிலிருந்தே வந்தவை என்பதால், அந்த நாடகத்தில் நெடுநேரம் தங்க வேண்டியதில்லை. அருங்காட்சியகத்தின் மெய்யான வாதங்கள் அதன் பேழைகளுக்குள் நடக்கின்றன. ஒரு பொருளுக்கு ஒரு தலைமுறை தரும் விளக்கம் பொய்த்துப்போனாலும், பொருளைக் காப்பாற்றி வைத்திருந்தால் அடுத்த தலைமுறை புதிய கருவியோடு வந்து அதனிடமே மறுபடியும் கேட்க முடியும். ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள மூன்று பொருள்கள் இதற்குச் சான்று.

முதலாவது ஒரு தாடை எலும்பு. ஆக்ஸ்ஃபோர்டுக்கு வடமேற்கே உள்ள ஸ்டோன்ஸ்ஃபீல்டு என்னும் சிற்றூரில், வீட்டுக்கூரைக்கான பலகைக்கல்லைச் சுரங்கம் தோண்டி எடுத்து வந்தனர். தோண்டிய கற்பாளங்களைக் குளிர்காலம் முழுவதும் வெளியே ஈரமாகப் போட்டு வைப்பார்கள். உள்ளிருக்கும் நீர் உறைந்து விரியும்போது கல் தானாகவே மெல்லிய தகடுகளாகப் பிளந்துகொள்ளும். அந்தப் பிளவுகளுக்கிடையே அவ்வப்போது எலும்புகளும் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்றான வலப்புறக் கீழ்த்தாடையையும் வேறு சில எலும்புகளையும் ஆராய்ந்த நிலவியலாளர் வில்லியம் பக்லாண்ட், பெரும் பல்லி எனப் பொருள்படும் மெகலோசாரஸ் என்ற பெயரை 1824 பிப்ரவரியில் லண்டன் நிலவியல் சங்கத்தில் அறிவித்தார். டைனோசர் என்னும் பிரிவையே ரிச்சர்டு ஓவன் 1842-இல்தான் வகுத்தார் என்பதால், அப்பிரிவு தோன்றுவதற்கு முன்பே அறிவியல் பெயர் பெற்றுவிட்ட முதல் டைனோசர் இதுவாகும்.

பேழையருகே குனிந்து பார்த்தால், தாடையில் முழுதாக வளர்ந்து நிற்கும் ஒரு பெரிய பல் முதலில் கண்ணில் படும். கத்தி போல் தட்டையாகவும் பின்னோக்கி வளைந்தும் உள்ள அதன் விளிம்பில் ரம்பத்தின் பற்களைப் போன்ற நுண்ணிய வெட்டுகள் வரிசையாக உள்ளன. அதன் இருபுறமும் எலும்புக் குழிகளிலிருந்து பாதி எழும்பிய பற்களின் முனைகள் தெரியும்: ஒரு பல் விழுந்தால் அடுத்தது ஏறிவரும்படி வாழ்நாள் முழுவதும் பல் முளைத்த உயிரி இது என்பதை அந்த ஒரே எலும்பு காட்டிவிடுகிறது. இப்போதுள்ள பல்லி வகைகள் பலவற்றில் பல் தாடையின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்க, இங்கே முதலைக்கு உள்ளதுபோல் தனித்தனிக் குழியில் பதிந்திருக்கிறது. பக்லாண்டு இதைக் கவனித்திருந்தும், நான்கு காலில் ஊரும் மாபெரும் பல்லியாகவே அதைக் கற்பனை செய்தார். இரண்டு காலில் நடந்த, ஏறத்தாழ 16 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய ஊனுண்ணி என்பது பின்னர் வந்தவர்கள் கண்ட செய்தி.

இக்கதைக்கு இன்னும் பழைய ஒரு முன்னுரையும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டுஷையரின் இயற்கை வரலாற்றை 1677-இல் எழுதிய ராபர்ட் பிளாட், தமக்குக் கிடைத்த ஒரு பெரிய தொடை எலும்பின் முனையை யானை எலும்போடு ஒப்பிட்டுப் பார்த்து, யானையுடையது அன்று எனச் சரியாகவே முடிவு செய்து, எனவே அது பண்டைய அரக்க மனிதன் ஒருவனுடையது எனத் தவறான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த எலும்பு இப்போது இல்லை. அவர் வெளியிட்ட படத்தைக் கொண்டு அதுவும் மெகலோசாரஸின் எலும்பாக இருக்கலாம் எனச் சொல்ல முடிகிறதே தவிர, உறுதிப்படுத்த வழியில்லை. தாடை தப்பிப் பிழைத்ததால் அதற்கு அந்தக் கதி நேரவில்லை. மேலும் அத்தாடை ஒரு வகைமாதிரி, அதாவது ஓர் இனத்தின் பெயர் எந்தப் பொருளின்மேல் நிலைநிறுத்தப்பட்டதோ அந்தப் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எங்கே பெரிய ஊனுண்ணி டைனோசர் எலும்பு கிடைத்தாலும் மெகலோசாரஸ் என்றே பெயரிட்டுக் குவித்துவிட்டதால், அக்குவியலைப் பிரித்துச் சரிசெய்ய வந்த ஆய்வாளர்கள் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டின் இந்தத் தாடையிடமே திரும்பி வர வேண்டியிருந்தது.

இரண்டாவது பொருள், மொரீஷியஸ் தீவில் வாழ்ந்து பதினேழாம் நூற்றாண்டிலேயே அற்றுப்போன டோடோ என்னும் பறக்க இயலாத பறவையின் தலையும் காலும். 1598-இல் டச்சுக்காரர்கள் அத்தீவில் இறங்கிய பிறகு, வேட்டையோடு, கப்பலில் வந்த எலியும் பன்றியும் குரங்கும் தரையில் இட்ட முட்டைகளைத் தின்றும் காடு அழிந்தும் அவ்வினம் நூறாண்டுகள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. சில பறவைகள் உயிரோடு வெளிநாடுகளுக்குச் சென்றன. இந்தியாவுக்கும் அவை வந்தன: 1628-க்கும் 1634-க்கும் இடையே சூரத்தில் இரண்டு டோடோக்களைக் கண்டதாக ஆங்கிலப் பயணி பீட்டர் மண்டி எழுதி வைத்தார், ஜஹாங்கீரின் அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் தீட்டியதாகக் கருதப்படும் டோடோ ஓவியம், அப்பறவையின் நம்பத்தக்க வண்ணப்படங்களில் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது.

ஆக்ஸ்ஃபோர்டின் டோடோ, டிரேட்ஸ்கன்ட் என்னும் தோட்டக்கலைக் குடும்பத்தார் லண்டனில் வைத்திருந்த அரும்பொருள் தொகுப்பில் பாடம் செய்யப்பட்ட முழுப் பறவையாக இருந்து, எலியாஸ் ஆஷ்மோல் வழியாக 1683-இல் திறக்கப்பட்ட ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தை அடைந்தது. தோலைப் பூச்சியிடமிருந்து காக்கும் முறைகள் போதாத காலம் அது. உடல் அரித்துச் சிதைந்தபோது தலையும் ஒரு காலும் மட்டும் மிஞ்சின. எரியும் நெருப்பிலிருந்து யாரோ அவற்றை இழுத்துக் காப்பாற்றினார் என்று சொல்லப்படும் கதைக்கு ஆதாரம் இல்லை. பயனுள்ளது எது என்று அறிந்த ஒருவர் வேண்டுமென்றே பிரித்து எடுத்து வைத்ததாகக் கொள்வதே பொருத்தம். உலகில் டோடோவின் மென்திசு, அதாவது தோலும் தசையும் போன்ற எலும்பல்லாத பகுதி, எஞ்சியிருப்பது இவற்றில் மட்டுமே.

அந்தத் தலையிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, இது எப்பறவையின் இனம் என்பது. நெருப்புக்கோழி, கழுகு என்றெல்லாம் ஊகங்கள் இருந்தன. 1842-இல் டேனிஷ் ஆய்வாளர் ஜோகன்னஸ் ரைன்ஹார்ட் இது புறாவாக இருக்கலாம் என்று சொன்னபோது சிரித்தவர்கள் பலர். ஹியூ ஸ்டிரிக்லாண்டும் அலெக்ஸாண்டர் மெல்வில்லும் தலையின் ஒரு பக்கத் தோலை அறுத்துப் பிரித்து மண்டையோட்டை ஆராய்ந்து, 1848-இல் வெளியிட்ட நூலில் அது புறாவேதான் என்று நிறுவினர். இரண்டாவது கேள்வி, புறாக்களில் எதற்கு நெருங்கிய உறவு என்பது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2002-இல் பெத் ஷாப்பிரோவும் உடன் ஆய்வாளர்களும் எடுத்த டி.என்.ஏ., இப்போது வாழும் பறவைகளில் டோடோவுக்கு மிக நெருங்கியது நிக்கோபார் புறா என்று காட்டியது. பச்சையும் செம்பும் மின்ன, கழுத்தில் நீண்ட இறகுகள் தொங்க, தீவு விட்டுத் தீவு பறக்கும் அந்தப் புறாவின் பெயர் வந்த தீவுகள் சென்னையிலிருந்து கப்பலில் போகக்கூடிய தொலைவில் இருக்கின்றன.

மூன்றாவது விடை, கேட்காமலே கிடைத்தது. 2018-இல் வார்விக் பல்கலைக்கழகத்தில் தலையைச் சி.டி. ஸ்கேன் செய்து முப்பரிமாண உருவம் எடுத்தபோது, மண்டையின் பின்புறத்திலும் கழுத்திலும் சிறு ஈயக் குண்டுகள் பதிந்திருப்பது தெரியவந்தது. லண்டனில் 1638-இல் உயிரோடு காட்டப்பட்ட ஒரு டோடோதான் இது என்று அதுவரை பலர் நம்பி வந்தனர். பின்னாலிருந்து சுட்டுக் கொல்லப்பட்ட பறவை அதுவாக எப்படி இருக்க முடியும் என்பது இப்போது புதிய கேள்வி. எங்கே, யார் சுட்டார் என்பதற்கு விடை இல்லை. 1848-இல் எவ்வளவு கூர்ந்து பார்த்தவராலும் இதைக் கண்டிருக்க முடியாது.

மூன்றாவது பொருள் மனித எலும்பு. வேல்ஸின் தென்கரையில் பேவிலாண்டுக் குகையில் பக்லாண்ட் 1823-இல் தோண்டி எடுத்த அந்த எலும்புக்கூட்டுக்கு மண்டையோடு இல்லை. எலும்புகள் காவிக்கல் பொடியால் சிவந்திருந்தன, கூடவே கடற்சிப்பிகளும் தந்தக் கோல்களும் இருந்தன. மனிதர் விஷயத்தில் விவிலியக் காலக்கணக்கைத் தாண்டப் பக்லாண்டுக்கு மனம் வரவில்லை. அருகில் மாமத யானையின் எலும்புகள் கிடந்தபோதும், இது ரோமானியர் காலத்துப் பெண் என்றார். சிவப்புச் சீமாட்டி என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. 1912-இல் நிலவியலாளர் வில்லியம் சோலஸ் அதே குகையில் மீண்டும் அகழ்ந்து, அது பழைய கற்கால ஆண் என்றார். கார்பன் காலக்கணிப்பு, அதாவது உயிர் நீங்கிய பின் எலும்பிலுள்ள கதிரியக்கக் கார்பன் சிதைந்து குறைவதை அளக்கும் முறை, 1960-களில் பதினெட்டாயிரம் ஆண்டுகள் என்றது. பிந்திய கணிப்புகள் முப்பத்து மூவாயிரத்துக்கு அருகே கொண்டுபோயின.

எலும்பு மாறவில்லை, கணக்கு ஏன் மாறியது? அவ்வளவு பழைய எலும்பில் தொடக்கத்தில் இருந்த கதிரியக்கக் கார்பனில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். பிற்காலக் கார்பன் துளியளவு கலந்தாலும் வயது பல ஆயிரம் ஆண்டுகள் குறைந்து தெரியும். எலும்பின் புரதத்தை நுண்ணிய வடிகட்டியில் தூய்மைப்படுத்தும் முறை வந்த பிறகே அந்தக் கலப்பு நீங்கியது. அதற்குத் தேவையான எலும்புத் துணுக்கை வெட்டித் தருவதா, கூடாதா என்று முடிவெடுப்பது காப்பாளரின் வேலைகளில் மிகக் கடினமானது: ஒவ்வொரு விடையும் பொருளில் ஒரு துளியைத் தின்றுவிட்டே வருகிறது.

முற்றத்துக்கு வரும் கூட்டம் பார்க்காத இடம் கோபுரம். அதன் காற்றோட்டத் துளைகளில் உழவாரன் குருவிகள் கூடு கட்டுவதைக் கண்ட டேவிட் லாக் என்னும் பறவையியலாளர், 1940-களின் இறுதியில் உட்புறமாகக் கண்ணாடி பதித்த பெட்டிகளைப் பொருத்தி, பறவைக்குத் தெரியாமல் அதன் குடும்ப வாழ்வைக் கணக்கெடுக்கத் தொடங்கினார். எத்தனை முட்டை இடுவது என்பதைத் தாயின் உடல்திறனைவிட, எத்தனை குஞ்சுகளுக்கு இரை தேடிக் கொடுக்க முடியும் என்பதே தீர்மானிக்கிறது என்ற அவருடைய கொள்கைக்கு இக்கோபுரம் ஆய்வுக்கூடமாயிற்று; பூச்சி பறக்காத குளிர் மழை ஆண்டுகளில் மூன்று குஞ்சுக் கூட்டைவிட இரண்டு குஞ்சுக் கூடே நன்றாகத் தேறியதை அவர் கண்டார். லாக் மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னும் கணக்கெடுப்பு நிற்கவில்லை. மே மாதத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து குருவிகள் திரும்பியதும் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பார்க்கப்பட்டு, முட்டையும் குஞ்சும் எண்ணப்பட்டு, முந்திய ஆண்டுகளின் பதிவேட்டோடு சேர்க்கப்படுகின்றன.