தொழில் செய்யும் கணினிக்கு ஏற்ற மென்பொருள்

டிக்கோயாவிலும் ஹட்டனிலும் வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். கேக் செய்து விற்பவர்கள், அபாயா தைப்பவர்கள், டியூஷன் கொடுப்பவர்கள், சுயவிபரக் கோவை டைப் செய்து கொடுப்பவர்கள். தொழில் எதுவானாலும் பில் அடிக்கவும் கணக்கு வைக்கவும் கடிதம் எழுதவும் வேர்ட், எக்செல் போன்ற மென்பொருள் தேவைப்படுகிறது. உயர்தரம் முடித்த பிறகு எங்களில் சிலரும் இந்தப் பாதையில்தான் போவோம். ஆனால் கணினியின் விலையை நாலு கடை ஏறி விசாரிக்கும் நாம், உள்ளே இருக்கும் மென்பொருளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. "எல்லாம் போட்டுத் தருவோம்" என்பார் கடைக்காரர். நாமும் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வருவோம்.

அந்த "எல்லாம்" பெரும்பாலும் பூட்டு உடைக்கப்பட்ட பிரதிதான். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம், நூல்களைப் போலவே கணினி நிரல்களுக்கும் பதிப்புரிமை கொடுத்திருக்கிறது. உரிமையை மீறிய பிரதி என்று தெரிந்துகொண்டே அதை வணிக இலாபத்துக்காகப் பயன்படுத்துபவருக்கு ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டப்பணமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க அதில் இடம் உண்டு. "வணிக இலாபம்" என்றதும் பெரிய கம்பனிகளைத்தான் நினைக்கிறோம். பக்கத்துக்கு நூறு ரூபா வாங்கி டைப் செய்வதும் வணிகம்தான்.

சட்டத்தை விட அருகில் இருக்கும் ஆபத்து வேறு. பூட்டு உடைக்கும் நிரலைப் போடும்போது, முதலில் வைரஸ் கார்டை நிறுத்தச் சொல்வார்கள். வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதியும் வங்கிக் கணக்கு இலக்கமும் இருக்கும் கணினியில் காவலாளியை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றது இது.

அப்படியானால் காசு கொடுத்து வாங்கினால் சரிதானே? அதுவும் எப்போதும் சரியல்ல. என் ராத்தா வீட்டில் டைப்பிங் வேலை செய்கிறார். "ஒரிஜினல் கீ" என்று சொல்லி ஒரு கடையில் 2,500 ரூபாவுக்கு ஓர் இலக்கத்தைக் கொடுத்தார்கள். மூன்று மாதம் நன்றாக வேலை செய்தது. தவணைப் பரீட்சைக் காலத்தில் ஒரு நாள் மேலே சிவப்புப் பட்டை வந்தது. திறந்து பார்க்கலாம், அச்செடுக்கலாம், ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. இரண்டு ஆசிரியர்களின் வினாத்தாள்கள் பாதியில் நின்றன.

இதன் சூட்சுமம் இதுதான். பெரிய நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் பல கணினிகளுக்குச் சேர்த்து ஒரே அனுமதியை வாங்கும். அந்த இலக்கம் வெளியே கசிந்து சில்லறையாக விற்கப்படுகிறது. அளவுக்கு மிஞ்சிப் பயன்படுகிறது என்று தெரிந்ததும் மைக்ரோசொஃப்ட் அதை முடக்கிவிடும். உங்கள் கணினியிலும் பார்க்கலாம்: வேர்டில் ஃபைல், பிறகு அக்கவுண்ட் என்று போங்கள். அங்கே "புரொஃபெஷனல் பிளஸ்" என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். அது தனி ஆளுக்குச் சில்லறையில் விற்கும் பதிப்பு அல்ல.

நேர்மையாக வாங்கினாலும் இன்னொரு விடயம் உண்டு. வீட்டுப் பாவனைக்கான "ஹோம்" பதிப்பும், கல்லூரி மின்னஞ்சலுக்குக் கிடைக்கும் மாணவர் பதிப்பும் தொழிலுக்கானவை அல்ல. தொழிலுக்கு "ஹோம் அண்ட் பிசினஸ்" போன்ற பதிப்பு வேண்டும். 2024ஆம் ஆண்டுப் பதிப்பின் அமெரிக்க விலை 249.99 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தாலே 75,000 ரூபா. ராத்தாவின் கணக்கில் 750 பக்கம் டைப் செய்த கூலி. அதுவும் ஒரே ஒரு கணினிக்கு.

எங்கள் உம்மா கேட்டது இதை விட நேரடியான கேள்வி: "அப்ப அந்தக் காசு ஹலாலா?" 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, எழுத்துரிமையும் கண்டுபிடிப்புரிமையும் ஷரீஆவில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றை மீறக் கூடாது என்று தீர்மானித்திருக்கிறது. மென்பொருளும் ஒருவர் எழுதியதுதானே.

ஆகவே பார்க்க வேண்டியது விலையை அல்ல, அனுமதியை. 2,500 ரூபா கொடுத்ததற்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். ஒரு சதமும் கொடுக்காததற்கு முழு அனுமதி இருக்கலாம். லிப்ரேஒஃபிஸ் இரண்டாவது வகை. ஜேர்மனியில் ஸ்டார்ஒஃபிஸ் என்ற பெயரில் விற்கப்பட்ட மென்பொருளை 1999இல் சன் நிறுவனம் வாங்கி, அடுத்த ஆண்டு அதன் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதிலிருந்து 2010இல் பிரிந்து வந்ததுதான் லிப்ரேஒஃபிஸ். வேர்டுக்குப் பதில் ரைட்டர், எக்செலுக்குப் பதில் கல்க். வீட்டிலும் பாவிக்கலாம், தொழிலுக்கும் பாவிக்கலாம், பத்துக் கணினியில் போடலாம், தோழிக்கும் கொடுக்கலாம். அதன் சொந்த இணையத்தளத்திலிருந்தே இறக்குங்கள். போட்டுக் கொடுப்பவர் கூலி கேட்டால் அது அவருடைய உழைப்புக்கு, மென்பொருளுக்கு அல்ல.

"இலவசம் என்றால் எங்கேயோ கோளாறு இருக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். 2004 சுனாமியின் பிறகு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவு செய்ய நம் நாட்டுக் கணினி வல்லுநர்கள் சேர்ந்து உருவாக்கிய சஹானா என்ற மென்பொருளும் இப்படி இலவசமாகத் திறந்துவிடப்பட்டதுதான். 2005 பாகிஸ்தான் பூகம்பத்தின்போது அங்கேயும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூக நலன் விருதும் அதற்குக் கிடைத்தது.

கூகிள் டொக்ஸும் இலவசம்தான், கைப்பேசியிலும் வேலை செய்யும். ஆனால் பனி இறங்கி மழையும் பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கம் சிக்னல் போய்விடும். ஓஃப்லைன் வசதியை முன்கூட்டியே போட்டு வைக்காவிட்டால் வேலை நின்றுவிடும். அதனால் கணினியிலேயே இருப்பதுதான் மலையகத்துக்குத் தோதானது என்பது என் எண்ணம்.

மாறும்போது சில சில்லறைத் தொல்லைகள் வரும். வேர்டில் செய்த அட்டவணைகள் ரைட்டரில் கொஞ்சம் நகரும். வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பினால் எந்தக் கணினியிலும் ஒரே மாதிரித் தெரியும். ரைட்டரிலேயே அதற்குப் பொத்தான் இருக்கிறது. தமிழில்தான் கூடுதல் வேலை. பாமினி எழுத்துருவில் டைப் செய்த பழைய கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். இது லிப்ரேஒஃபிஸின் குறை அல்ல, வேர்டிலும் அப்படித்தான். யுனிகோடுக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. ராத்தா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டு வரும் விண்ணப்பக் கடிதங்களையும் வினாத்தாள்களையும் முதலில் மாற்றினார், மற்றவற்றை ஆள் வந்து கேட்கும்போது மாற்றிக் கொடுக்கிறார்.