சிற்றூர் விடுதிப் பதிவேடுகள் காட்டும் பயணியர் வருகை: அமெரிக்க நடுமேற்குப் பகுதி (1898–1926)

முன்னுரை

விடுதிப் பதிவேடு ஒரு வணிகக் குறிப்பேடு. எனினும், ஓர் ஊருக்கு யார், எங்கிருந்து வந்தனர் என்பதை உரைக்கும் வரலாற்றுச் சான்றாகவும் அமைகிறது. அமெரிக்க நடுமேற்குச் சிற்றூர் விடுதிகளின் பயணியர் வருகையை நெறிப்படுத்திய கூறுகளையும், அவற்றை அறிவதில் பதிவேட்டிற்குள்ள எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இருப்புப்பாதையும் விற்பனையாளரும்

1916இல் அந்நாட்டின் இருப்புப்பாதை ஏறத்தாழ 2,54,000 மைல் என்னும் உச்ச நீளத்தை எட்டியிருந்தது. சிற்றூர் விடுதிகள் பல தொடர்வண்டி நிலையத்தை அடுத்தே எழுந்தன. அவற்றின் முதன்மை விருந்தினர், மொத்த வணிக நிறுவனங்களின் பயண விற்பனையாளர் ஆவர். அவர்கள் மாதிரிச் சரக்குகளை விடுதியின் தனியறையில் பரப்பி, உள்ளூர்க் கடைக்காரரிடம் கொள்முதல் ஆணை பெற்று, அடுத்த வண்டியில் புறப்பட்டனர். எனவே, ஒரே பெயர் சீரான இடைவெளியில் மீண்டும் பதிவாவது விற்பனைச் சுற்றைக் காட்டும். ஞாயிறன்று கடைகள் அடைபட்டமையால், சனியன்று வந்தவர் திங்கள்வரை தங்க நேர்ந்தது.

பாஸ்கோபெல் சான்று

1898 செப்டம்பரில் விஸ்கான்சின் மாநிலத்துப் பாஸ்கோபெல் ஊரின் சென்ட்ரல் ஹவுஸ் விடுதியில், இடநெருக்கடியால் ஜான் நிக்கல்சன், சாமுவேல் ஹில் என்னும் அறிமுகமற்ற இரு விற்பனையாளர் ஓரறையைப் பகிர்ந்தனர். அச்சந்திப்பின் விளைவாக 1899இல் கிதியோன்கள் என்னும் கிறித்தவ வணிகப் பயணியர் அமைப்பு தோன்றியது; 1908இல் அது விடுதி அறைகளில் விவிலியம் வைக்கத் தொடங்கியது. இத்தகைய நிகழ்வில் பதிவேடு தரக்கூடியன இரு பெயர்களும் ஓர் அறை எண்ணுமே.

பதிவேட்டின் எல்லை

கணவர் பெயருடன் ‘மனைவியும்’ என்று மட்டும் எழுதும் வழக்கம் பெண்பயணியரின் பெயர்களை மறைத்தது. கறுப்பினப் பயணியருக்குப் பல விடுதிகள் இடம் மறுத்தன. அவர்கள் உறவினர், அன்பர் இல்லங்களில் தங்கினர். அவர்களுக்கெனத் தங்குமிடங்களைத் தொகுத்துரைத்த விக்டர் கிரீனின் கையேடு 1936இல்தான் வெளிவரத் தொடங்கியது. ஆகவே, பதிவின்மை பயணமின்மை ஆகாது.

முடிவுரை

1908இல் ஃபோர்டின் ‘டி’ வகைச் சிற்றுந்தும், 1926இல் எண்ணிட்ட தேசிய நெடுஞ்சாலைகளும் வந்தபின், விருந்தினர் வருகை வண்டி நேரத்திலிருந்து படிப்படியாக விடுபட்டது. பதிவேட்டைத் தனித்துக் கொள்ளாமல், தொடர்வண்டிக் கால அட்டவணையோடும் உள்ளூர்ச் செய்தித்தாளின் ‘வருகையாளர்’ பகுதியோடும் ஒப்பிட்டுப் படித்தலே ஏற்புடைய ஆய்வுநெறி எனலாம். அவ்வாறு படிக்கும்போதும், முகப்பிலேயே திருப்பி அனுப்பப்பட்டோரை வேறு சான்றுகளிலேயே தேடல் வேண்டும்.