போருக்குப் போகும் பெற்றோர்; பிள்ளையை ஏந்துவது யார்?

அமெரிக்காவின் பெரிய இராணுவ முகாம் ஒன்றை மனக்கண்முன் கொண்டுவருவோம். காலை ஐந்தரை மணி. இருள் இன்னும் விலகவில்லை. சீருடை தரித்த இளம் பெண்ணொருத்தி காரை நிறுத்தி, பின்னாசனத்தில் உறங்கும் ஒன்பது மாதக் குழந்தையைப் போர்வையோடு தூக்கித் தோளிற் சாய்த்துக்கொண்டு, விளக்கெரியும் கட்டடம் ஒன்றை நோக்கி விரைகிறாள். ஆறரை மணிக்கு அவள் தேகப்பயிற்சிக்காக அணியில் நிற்கவேண்டும். வாசலில் ஒருத்தி கை நீட்டுகிறாள். குழந்தை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாறுகிறது; சற்றுச் சிணுங்கிவிட்டு மீண்டும் உறங்குகிறது.

நம் வீடுகளில் அந்தக் கை அம்மம்மாவின் கையாக இருக்கும், அல்லது பெரியம்மாவினது. படையிற் சேவை செய்வோருக்கு அவ்வசதி இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் வரும். பிறந்த ஊரும் உற்றாரும் எங்கோ ஆயிரம் மைலுக்கு அப்பால். ஆகவே சம்பளத்துக்கு வேலை செய்யும் அந்நியப் பெண்ணொருத்தியின் கையிலேதான் பிள்ளையை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கை எப்படி நம்பத்தக்க கையாயிற்று என்பதையே நாம் ஈண்டு சொல்லப் புகுந்தோம்.

முன்னொரு காலத்தில் அமெரிக்கப் படை இதனை ஒரு பொருட்டாகவே கருதவில்லை. சிப்பாய்க்கு மனைவி தேவையென்று படை நினைத்திருந்தால், சப்பாத்தையும் துப்பாக்கியையும் கொடுத்ததுபோல் அவளையும் களஞ்சியத்திலிருந்து கொடுத்திருக்குமே என்பது முகாம்களில் வழங்கிய பழைய பரிகாசம். பெண்கள் விடயத்தில் நிலைமை பரிகாசத்தோடு நிற்கவில்லை. 1951ஆம் ஆண்டில் ஜனாதிபதி ட்ரூமன் பிறப்பித்த கட்டளை, கர்ப்பமுற்ற பெண்ணையும் சிறு பிள்ளைக்குத் தாயான பெண்ணையும் படையிலிருந்து நீக்க இடமளித்தது. தத்தெடுத்த தாய்க்கும் இதே கதிதான். தகப்பனான ஆணை எவரும் நீக்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 1970களின் நடுப்பகுதி வரை இந்நிலை நீடித்தது.

1973ஆம் ஆண்டில் கட்டாய இராணுவ சேவை முடிவுற்றது. அதன்பின் விரும்பி வருவோரைக் கொண்டே படை நடக்கவேண்டியதாயிற்று. வந்தவர்களிற் பலர் மணமானவர்கள். பெண்களின் தொகையும் பெருகிற்று. கணவனும் மனைவியும் ஒருங்கே சீருடை அணிந்த குடும்பங்கள் தோன்றின. சிப்பாய் ஒருவன் சேவையில் நீடிப்பதா, விலகுவதா என்பது வீட்டில் மனைவியோடு பேசித் தீர்க்கப்படும் விடயமாயிற்று. 1983ஆம் ஆண்டில் தரைப்படைத் தளபதி ஜெனரல் ஜோன் விக்கம் படைக் குடும்பங்களைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கையே வெளியிட்டார். படையும் குடும்பமும் ஒன்றுக்கொன்று கடமைப்பட்டவை என்பது அதன் சாரம்.

ஆனால் அறிக்கை தொட்டில் ஆட்டாது. அக்காலத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையங்கள் பல, வேறெதற்கும் உதவாதெனக் கழிக்கப்பட்ட பழைய கட்டடங்களில் நடந்தன. 1982இல் அமெரிக்கக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் அவற்றை ஆராய்ந்து, தீப்பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்கும் உரிய விதிகளுக்கு அமையாதவை பல எனக் கண்டது. கட்டடத்தைக் காட்டிலும் மோசமாயிருந்தது வேறொன்று. அங்கே பிள்ளை பார்க்கும் பெண்கள் நிலைத்து நிற்பதில்லை. சில நிலையங்களில் ஒரே வேலைக்கு ஓராண்டினுள் மூன்று நான்கு பேர் வந்து போயினர். இன்று மடியில் வைத்துப் பாலூட்டியவளை அடுத்த மாதம் காணோம். குழந்தை ஒரு முகத்தைப் பழகி முடிப்பதற்குள் மறு முகம். ஏன் போனார்கள்? முகாமின் பலசரக்குக் கடையில் தட்டுகளிற் சாமான் அடுக்குவோருக்கு இவர்களைவிடக் கூடுதலான சம்பளம் கிடைத்தது. அவ்வளவுதான் இரகசியம்!

1980களின் நடுப்பகுதியில் சில முகாம்களின் நிலையங்களில் சிறுவர்கள் துன்புறுத்தப்பட்டனர் என்ற முறைப்பாடுகள் எழுந்தன. பெற்றோர் கொதித்தெழுந்தனர். காங்கிரஸ் விசாரணைகள் நடத்தியது. முடிவில், 1989ஆம் ஆண்டு நவம்பரில், பாதுகாப்புச் செலவுச் சட்டத்தின் ஒரு பகுதியாக இராணுவப் பிள்ளை பராமரிப்புச் சட்டம் நிறைவேறிற்று.

இச்சட்டம் கண்காணிப்பை இறுக்கியது, அஃது எதிர்பார்க்கத்தக்கதே. ஆண்டுக்கு நான்கு தடவையேனும் முன்னறிவித்தலின்றிப் பரிசோதகர் வரவேண்டும். ஐயமுற்ற பெற்றோர் முறையிடத் தொலைபேசி இலக்கம் ஒன்று இருக்கவேண்டும். புதிய கட்டடங்களில் அறைக்கு அறை கண்ணாடிச் சன்னல் வைத்தார்கள். எந்த மூலையும் மறைவாயிராது. கைக்குழந்தைகள் நால்வருக்கு ஒருவர், தளர்நடைப் பருவத்தினர் எழுவருக்கு ஒருவர் எனப் பராமரிப்பாளர் தொகையும் வரையறுக்கப்பட்டது.

ஆயினும் சட்டத்தின் உயிர்நிலை வேறிடத்தில் இருந்தது என்பது எமது துணிபு. பிள்ளை பார்ப்போருக்கு, அதே முகாமில் ஒத்த பயிற்சியும் அனுபவமும் உடைய ஏனைய ஊழியருக்குச் சமமான சம்பளம் கொடுக்கவேண்டும் என்று அது விதித்தது. அதுமட்டுமன்று, சம்பள உயர்வைப் பயிற்சியோடு பிணைத்தது. குழந்தையின் வளர்ச்சிப் படிகள், முதலுதவி, உணவு, அடிக்காமல் அதட்டாமல் வழிப்படுத்தும் முறை என்று பாடம் பாடமாகக் கற்கவேண்டும். கற்றவளுக்குச் சம்பளம் உயரும். குறித்த காலத்தில் கல்லாதவளுக்கு வேலை நிலையாது. கற்பிப்பதற்கென்றே தேர்ந்த ஆசிரியர் ஒருவர் நிலையத்தில் அமர்த்தப்பட்டார். பிள்ளை பார்ப்பது எல்லாப் பெண்களுக்கும் பிறவியிலே வந்த கலை, அதற்கு ஏன் பயிற்சி, அதற்கு ஏன் பணம் என்று கேட்போர் எந்நாட்டிலும் உண்டு. அவர்களைச் சில நாள் ஒரு கைக்குழந்தை அறையில் விட்டுப் பார்க்கலாம்.

பலன் விரைவிலேயே தெரிந்தது. பெண்கள் நிலைத்தார்கள். குழந்தைகள் முகம் பழகின. 1998இல் ராண்ட் ஆய்வு நிறுவனத்தார் இச்சட்டத்தின் விளைவுகளை விரிவாக ஆராய்ந்து நூலாகவே வெளியிட்டனர். 2000ஆம் ஆண்டளவில் படையின் நிலையங்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வெளியாரின் தரச்சான்றைப் பெற்றிருந்தன. முகாமின் வேலிக்கு வெளியே, பொதுமக்களின் பிள்ளைகள் வளரும் நிலையங்களுள் அத்தகைய சான்று பெற்றவை நூற்றுக்குப் பத்துத்தானும் இல்லை. போருக்கென்று அமைந்த ஒரு தாபனம் தொட்டிலாட்டும் கலையில் தன் நாட்டுக்கே வழிகாட்டியாய் நின்ற விந்தையை என்னென்பது!

கட்டணத்திலும் ஒரு நியாயம் உண்டு. குடும்பத்தின் மொத்த வருமானத்தைப் பார்த்தே அது அறவிடப்படுகிறது. சிப்பாயின் பிள்ளையும் கேணலின் பிள்ளையும் ஒரே பாயில் உறங்கும், ஒரே சோறுதான், பெற்றோர் கட்டும் பணம் மட்டும் வேறு. எஞ்சிய செலவை அரசாங்கம் தாங்குகிறது.

குறையே இல்லையென்று எண்ணிவிடலாகாது. நிலையங்களிற் போதிய இடமில்லை. சான்டியேகோ, நோர்வோக், ஹவாய் போன்று படையினர் செறிந்த இடங்களில் இடத்துக்காகப் பல மாதம் காத்திருப்போர் பலர். நிலையத்தில் இடம் கிடையாதோருக்கு, முகாம் விடுதியிலேயே அனுமதிப் பத்திரம் பெற்றுத் தன் வீட்டில் பிற பிள்ளைகளையும் பார்க்கும் இல்லத்தரசிகள் கைகொடுக்கின்றனர். 2020இல் தொற்றுநோய் பரவியபின் பழைய வியாதியும் திரும்பிற்று. வெளியே கடைகளிற் கூலி உயர, பராமரிப்பாளர் குறைந்து, பிள்ளைகள் காத்திருக்கச் சில அறைகள் பூட்டிக் கிடந்தன. 2022இல் பாதுகாப்பு அமைச்சு, நிலையங்களில் வேலை செய்வோரின் முதற் பிள்ளைக்குக் கட்டணத்தில் பாதியேனும் குறைக்குமாறு பணித்தது.

இவையெல்லாம் பகற்பொழுதுக்கான ஏற்பாடு. தாய் மாலையில் வருவாள் என்ற நிச்சயம் அதற்குள் இருக்கிறது. அவள் ஒன்பது மாதம், ஓராண்டு என்று கடல் கடந்து போர்முனைக்குப் போகும்போது?

தனித்துப் பிள்ளை வளர்ப்போரும், கணவன் மனைவி இருவரும் படையிலிருப்போரும் இதற்கென்று ஒரு பத்திரம் எழுதித் தம் அதிகாரியிடம் கொடுத்திருக்கவேண்டும். நாம் போனால் பிள்ளையை ஏற்பவர் இன்னார், அவர் சம்மதித்துக் கையொப்பமிட்டுள்ளார், அவருக்கு அதிகாரப் பத்திரம் இது, மருந்து இது, பணம் வரும் வழி இது என்று அதில் ஒழுங்காகக் காட்டவேண்டும். காகிதத்தில் இது செம்மையாகவே இருக்கும். ஆனால் பாட்டிமாரும் மனிதரே. 2009ஆம் ஆண்டில், ஆப்கானிஸ்தானுக்குப் புறப்படவேண்டிய இளந்தாயொருத்திக்கு நேர்ந்ததைப் பத்திரிகைகள் எழுதின. பேரப்பிள்ளையை ஏற்றிருந்த அவளுடைய தாயார், ஏற்கெனவே நோயாளிகளையும் பிற பிள்ளைகளையும் பராமரித்து வந்தவர், தம்மால் இயலாதென்று கைவிரித்தார். மகள் விமானம் ஏறவில்லை. அவளைக் கைதுசெய்தனர், பிள்ளை சில நாள் அரசாங்கப் பராமரிப்பிற் கிடந்தது. முடிவில் வழக்கு விசாரணையின்றியே அவள் படையிலிருந்து நீக்கப்பட்டாள். அவள் பேரிற் குற்றம் சொல்லுவதா, படையின் பேரிற் சொல்லுவதா என்று அன்று அந்நாட்டார் வாதாடினர். பிள்ளைக்கு அப்போது ஒரு வயதும் நிரம்பவில்லை.

சற்று வளர்ந்த பிள்ளைகளின் துன்பம் வேறு. பள்ளிப் படிப்பு முடியுமுன் ஆறு முதல் ஒன்பது பாடசாலை வரை மாறுவோர் இவர்கள். ஒரு மாநிலத்திற் படித்த பாடம் மறு மாநிலத்திற் கணக்கில் வராது. உதைபந்தாட்டக் குழுவுக்கு ஆள் எடுத்து முடிந்தபின்னரே புதுப் பையன் வந்து சேருவான். இதற்குப் பரிகாரமாக மாநிலங்கள் தமக்குள் ஓர் உடன்படிக்கை வகுத்தன. 2008இல் நடைமுறைக்கு வந்த அதில் 2014இற்குள் ஐம்பது மாநிலங்களும் சேர்ந்தன. முகாம்களின் இளைஞர் நிலையங்கள் பள்ளி விட்டபின் பிள்ளைகளை வரவேற்கின்றன. 2004 முதல் படைக் குடும்பங்களின் தேசிய சங்கம், பெற்றோர் போர்முனையிலுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கோடை முகாம்களை நடத்தத் தொடங்கியது. தனக்கு மட்டும்தான் இப்படி என்று எண்ணியிருந்த சிறுவன், அங்கே கூடாரம் நிறையத் தன்போன்றோரைக் காண்கிறான்.

இவற்றுள் எமது உள்ளத்தைத் தொட்டது மிகச் சிறியதோர் ஏற்பாடு. கடற்படை மருத்துவர் ஒருவர் வியட்நாம் யுத்தத்திலிருந்து வீடு திரும்பியபோது அவருடைய சின்ன மகளுக்குத் தகப்பனை அடையாளம் தெரியவில்லை. அதனை மறவாத அவர் மனைவி, 1989இல் ஒரு பணியைத் தொடங்கினார். கப்பலில் ஒரு சிறு அறை, ஒரு கமரா, ஓர் அலமாரி நிறையப் படக்கதைப் புத்தகங்கள். கப்பலோட்டி ஒருவன் வேலை முடிந்து வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, முயலும் கரடியும் பேசுவதைக் குரலை மாற்றி மாற்றி வாசிக்கிறான். படமும் குரலும் பதிவாகி வீடு சேர்கின்றன. கூடவே அதே புத்தகமும். இரவில் பிள்ளை படுக்கையிலிருந்து அப்பாவைப் பார்க்கிறது. அவர் தாளைப் புரட்டும்போது தானும் புரட்டுகிறது. கதை முடிந்ததும் "இன்னொருக்கால்" என்கிறது. தாய் எழுந்துபோய் மறுபடியும் முதலிலிருந்து போடுகிறாள்.