கிளைபோசேட் சர்ச்சை: ஆபத்து யாருக்கு?

"புல்லுக்கு அடிக்கிற மருந்தால் புற்றுநோய் வருமாமே, உண்மையா?"

பெரும்போகம் நெருங்கும்போது சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பகுதி விவசாயிகள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. ஒரு சாரார் கிளைபோசேட் உயிர்கொல்லி என்கிறார்கள். மறு சாரார் அதெல்லாம் வெறும் வதந்தி என்கிறார்கள். இரண்டுமே முழு உண்மை அல்ல.

கிளைபோசேட் களைநாசினியை 1974 இல் 'ரவுண்டப்' என்ற பெயரில் மொன்சான்டோ கம்பனி சந்தைப்படுத்தியது. தாவரங்கள் தமக்குத் தேவையான சில அமினோ அமிலங்களை உருவாக்கும் செயற்பாட்டை இது தடுக்கிறது. மனித உடலில் அந்தச் செயற்பாடு இல்லை. இதனாலேயே மனிதருக்குத் தீங்கு குறைந்தது என நீண்டகாலம் கருதப்பட்டது.

2015 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் கீழுள்ள சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம், இதனை "மனிதரில் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடிய சாத்தியமுள்ளது" என வகைப்படுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை, அத்தகைய சாத்தியம் குறைவு என அறிவித்தது. விஞ்ஞானிகளே இப்படி முரண்பட்டால் சாதாரண மக்கள் யாரை நம்புவது?

இரு தரப்பும் கேட்ட கேள்விகளே வேறு. பாம்புக்கு நஞ்சு உண்டா என்பது ஒரு கேள்வி. அந்தப் பாம்பு நம்மைக் கடிக்குமா என்பது இன்னொரு கேள்வி. புற்றுநோய் முகவரகம் முதலாவதை ஆராய்ந்தது. ஒழுங்குபடுத்தும் நிறுவனங்கள் வழமையான பாவனையில் உடலுக்குள் எவ்வளவு செல்கிறது என்ற இரண்டாவதையே பிரதானமாகப் பார்த்தன. முன்னையது பகிரங்கமாக வெளியான ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டது. பின்னையவை கம்பனிகள் சமர்ப்பித்த, வெளியிடப்படாத ஆய்வுகளையும் ஏற்றுக்கொண்டன. சந்தேகம் முழுமையாகத் தீராமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2016 இல் உலக சுகாதார ஸ்தாபனமும் உணவு விவசாய ஸ்தாபனமும் இணைந்து கூட்டிய நிபுணர் குழு, உணவின் மூலம் உட்செல்லும் கிளைபோசேட்டினால் புற்றுநோய் ஏற்படும் சாத்தியம் குறைவு என்றது. ஆகவே சோறு உண்பவரை விட, தாங்கியை முதுகில் சுமந்து மருந்தடிப்பவரைப் பற்றியே நாம் அதிகம் கவலைப்பட வேண்டும். அமெரிக்காவில் 54,000 இற்கும் மேற்பட்ட மருந்தடிப்போரைப் பின்தொடர்ந்து 2018 இல் வெளியான ஆய்வு, ஒட்டுமொத்தமாகப் புற்றுநோய்த் தொடர்பு எதையும் காணவில்லை. ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்து 2019 இல் வெளியான பகுப்பாய்வு, மிக அதிகமாக இதற்கு ஆளானோரில் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்கான ஆபத்து 41 வீதம் கூடியிருப்பதாகக் கூறியது.

நமது நாட்டில் இந்த விவாதம் சிறுநீரக நோயோடு பின்னிக்கொண்டது. 1990களிலிருந்து வடமத்திய மாகாண விவசாயிகளைப் பாதித்துவரும் அந்நோய்க்கு, கிளைபோசேட்டும் கடின நீரும் பார உலோகங்களும் சேர்ந்தே காரணமாகலாம் என்ற கருதுகோளை 2014 இல் இலங்கை ஆய்வாளர்கள் முன்வைத்தனர். 2015 இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் அரசாங்கம் இறக்குமதியைத் தடை செய்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்ட தடை, 2022 இல் நீக்கப்பட்டது. நோய்க்கான காரணம் இன்றுவரை உறுதியாக நிறுவப்படவில்லை. தடைக்காலத்தில் களைநாசினி கடத்தி வரப்பட்டு கள்ளச் சந்தையில் விற்கப்பட்டதை நாம் அறிவோம். அப்படி வரும் போத்தலில் உள்ளே இருப்பது என்னவென்று விவசாயிக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

தடைகள் எல்லாமே வீண் என்று நான் கூறவில்லை. 'கிரமக்சோன்' என்று நாம் அறிந்த பரகுவட் களைநாசினிக்கு முறிமருந்தே இல்லை. ஒரு மிடறே உயிரைப் பறித்துவிடும். 2008 முதல் 2011 வரை அது படிப்படியாகத் தடை செய்யப்பட்ட பின் நஞ்சருந்தி மரணிப்போர் தொகை குறைந்தது. அதனால் விளைச்சல் வீழ்ந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆதாரம் தெளிவாக இருந்தது, மாற்று வழியும் இருந்தது. கிளைபோசேட் விடயத்தில் இரண்டுமே அவ்வாறு அமையவில்லை.

விஞ்ஞானிகள் முடிவுக்கு வரும்வரை நாம் கைகட்டி இருக்கத் தேவையில்லை. நமது வயல்களில் மருந்தடிப்போர் பெரும்பாலும் கூலித் தொழிலாளர்கள். சாரனை மடித்துக் கட்டி, வெறுங்காலுடன், கையுறையின்றி இறங்குகிறார்கள். கையுறை, சப்பாத்து, முழுக்கை உடை, முகமூடி ஆகியவற்றை வாங்கிக் கொடுப்பது காணிக்காரரின் கடமை. காற்றுக்கு எதிராக நின்று அடிக்கக் கூடாது. இடையில் கை கழுவாமல் வெற்றிலை போடுவதும் புகைப்பதும் ஆகாது. தாங்கியை வாய்க்காலில் கழுவக் கூடாது. மிஞ்சிய மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைப்பது சிறுபிள்ளைகளின் உயிரோடு விளையாடுவதாகும்.

போத்தலில் ஒட்டியுள்ள சுட்டுத்துண்டைத் தமிழில் வாசித்து விளக்குமாறு கமநல சேவை நிலைய உத்தியோகத்தர்களிடம் கேட்பது நமது உரிமை. விதைப்புக்கு முன் ஒரு ஜும்ஆவுக்குப் பின்னர் பத்து நிமிடம் ஒதுக்கி இவற்றை அறிவிக்க நமது பள்ளிவாசல் நிர்வாகங்கள் முன்வர வேண்டும்.